தொடுகிற மாதிரி ஒரு போட்டோ

உத்தமபாளையம் சாலையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் விட்டு வந்தது ஒரு பள்ளிக்கூடத்தையும், அங்கே தொடுதிரை மாட்டும் வேலையையும். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு வேலை கிடைக்கிற இடம்தான் ஊர்.

அன்று திரையை மாட்டி ஓடவிட்டதும், போட்டோ எடுக்கத் தலைமையாசிரியர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். முதலில் நின்ற சிறுமி விரலை நீட்டினாள்.

"ஆத்தா, தொட்றாத. தொடுற மாதிரி நில்லு. கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

பயிற்சிக்கு வந்திருந்த பி.எட். மாணவி கேட்டாள்: "அப்ப இது எதுக்கு சார்? வெள்ளையடிச்ச செவுரே போதுமே."

"உன் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடப்போறது நான்தாம்மா."

அவள் சிறுமியின் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தாள். நீலக்கோடு ஒன்று ஓடியது. வகுப்பே கூச்சலிட்டது.

"வயரப் பிடுங்குப்பா," என்றார் அவர் என்னிடம்.

"நான் மாட்டத்தான் சார் வந்தேன்."

ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினேன். மிஷின்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று போகிற ஊரிலெல்லாம் பேசியவன் நான். அன்று எனக்குக் குமட்டியது மிஷினால் அல்ல. அந்தப் பெண்ணுக்குக் கையெழுத்துக் கிடைத்ததா, தெரியாது. அவள் டீச்சராக வேண்டும்.

மறுநாள் காலை அனுமந்தன்பட்டியில் திராட்சைக்கு மருந்தடிக்கும் வேலையில் சேர்ந்தேன். அந்த நாற்றம் எவ்வளவோ மேல்.