தேயாத இடது ஷூ

செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தே ஆளின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார் அந்த ஷூ ரிப்பேர் கடைக்காரர். "உங்களுக்கு வலது பக்கம் இடுப்பு வலிக்குமே?" என்பார். வந்தவர் வாயைப் பிளப்பார். இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரருக்குத் தன் கால் சொன்னது மட்டும் காதில் விழவில்லை.

கைப்பந்து மைதானத்தில் அவருக்கு 'ஸ்பிரிங்' என்று பெயர். நாற்பதை நெருங்கியும் வலைக்கு மேலே எழும்பி அடிப்பார். அப்படி எழும்பி இடது காலில் இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் முட்டிக்குள் டப்பென்று தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து அவர் படுத்துக் கிடந்த மாதங்களில் மனைவி செருப்புக்கு அடி ஒட்டக் கற்றுக்கொண்டாள். கடை ஒருநாளும் மூடவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லாமல் எந்த வாடிக்கையாளரையும் அவர் விடமாட்டார்.

பத்தாம் மாதம் பரிசோதனையில் இரண்டு காலுக்கும் ஒரே பலம் என்று வந்தது. மறுபடி ஆட அனுமதி கிடைக்கப் பாக்கி ஒரே ஒரு தாள். பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் தனக்குத்தானே நூற்றுக்கு மார்க் போட வேண்டும். முட்டியை நினைக்காமல் ஆட முடியுமா, மறுபடி அடிபடும் என்ற பயம் இல்லையா என்றெல்லாம் கேட்டிருந்தது. மனிதர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் நூறு போட்டுக் கொடுத்தார்.

அவருக்குப் பயிற்சி கொடுத்துவந்த பிசியோதெரபிஸ்ட் பெண் தாளைப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாத்துக்கும் நூறா? எனக்கே இவ்வளவு தைரியம் கிடையாதுண்ணா." ஆடலாம் என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். பயத்தோடு இறங்குகிற கால்தான் மறுபடி அறுந்துபோகும் என்றாள். அவர் வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினார். "கால் என்னுது. பயம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

அடுத்த வாரம் வார் அறுந்த செருப்போடு அந்தப் பெண்ணே கடைக்கு வந்தாள். பயிற்சிக்கென்று அவர் வாங்கிய ஷூ ஜோடி பெஞ்சுக்கடியில் கிடந்தது. மனைவி அதை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள். "ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, இதுக்கும் சொல்லுங்களேன்."

பழக்கதோஷத்தில் அவர் விரலால் தடவிப் பார்த்தார். வலது ஷூவின் முன்னடி வழவழவென்று தேய்ந்திருந்தது. இடது, பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி வரி வரியாக இருந்தது.

"இந்த ஆள் இடது காலை நம்பலை" என்றார். சொன்ன பிறகுதான் தன்னைப் பற்றிச் சொல்கிறோம் என்பது உறைத்தது. ஷூவை மெல்லக் கீழே வைத்தார். "அந்த டப்புங்கற சத்தம் இன்னும் கேக்குதும்மா. தூக்கத்துலகூட."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கேயே புதுத் தாளில் மறுபடி மார்க் போட்டார். இருபது, முப்பது, ஓரிடத்தில் சுத்தமாகச் சைபர். பிசியோதெரபிஸ்ட் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். "இப்பதாண்ணா வேலையே ஆரம்பிக்குது."

சாண் உயர முக்காலியிலிருந்து இடது காலில் குதிப்பதில் தொடங்கினார்கள். பிறகு பந்தோடு, பிறகு வலையோரம். அடிபட்ட அன்றைக்குப் பந்து தூக்கிக் கொடுத்த கூட்டாளி தினமும் வேலை முடிந்து வந்து, அதே பந்தை அதே இடத்தில் தூக்கிக் கொடுத்தான். சைபர் போட்ட இடத்தில் எழுபது வர மூன்று மாதம் பிடித்தது. கையெழுத்தும் கிடைத்தது.

ஆடப்போன நாலாவது ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றியவர் சும்மா திருப்பிப் பார்த்தார். இடது முன்னடியில் வரிகள் மழுங்கத் தொடங்கியிருந்தன. எந்தப் பந்துக்கு எழும்பினோம், எந்தக் காலில் இறங்கினோம் என்று யோசித்தார். ஒன்றும் நினைவில் இல்லை. ஊரார் செருப்பு தேய்ந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். சொந்தச் செருப்பு தேய்ந்ததற்கு அவர் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "தேய ஆரம்பிச்சிருச்சே. புது அடி ஒட்டிரட்டுமா?"

"இப்ப வேண்டாம்" என்று ஷூவைத் துடைத்துப் பையில் வைத்தார். "முதல்ல அந்தப் பொண்ணு பார்க்கட்டும்."