நூற்று ஐம்பதுக்குள் கிளைவ்

காலை ஆறரை மணிக்கு வாசலோரச் சீமெந்து மூட்டையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கிளைவிடம் யாரும் பேசக்கூடாது. பேசினால் பிரஷர் ஏறிவிடுமாம். உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு எங்கள் சைட்டில் தினமும் பிரஷர் பார்த்துத்தான் மேலே விடுவோம். பெயர் பதிவது என் வேலை. நூற்று ஐம்பதைத் தாண்டினால் அன்றைக்கு ஏற முடியாது. கிளைவ் கிரேன் ஒப்பரேட்டர். வயது ஐம்பத்தெட்டு.

இந்த ஓர் எண்ணுக்காக மனிதர் படும் பாடு கொஞ்சமல்ல. கருவாட்டை விட்டுவிட்டார். மனைவி ஐறீனோடு சண்டையென்றால் பின்னேரத்தில்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும், செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வேலை முடிந்த பிறகே போவார். "காலமை சனம் இடிக்கும். அந்தோனியார் கோவிக்க மாட்டார், இந்த பிரஷர் மெஷின்தான் கோவிக்கும்."

கொரோனாவில் நின்று, பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் நின்று, பத்தொன்பதாம் மாடியோடு கிடந்த ஒஃபிஸ் கட்டடம் இது. அந்த மூன்று வருடமும் கிளைவ் த்ரீவீல் ஓட்டினார். சவாரி எந்தப் பக்கம் என்றாலும் இந்தக் கட்டடம் இருக்கும் கொள்ளுப்பிட்டியால் சுற்றிவந்து, சும்மா நிற்கும் தன் கிரேனை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவாராம்.

"ஆளை ஏத்திக்கொண்டா?" என்று கேட்டேன்.

"ஓம். நல்லா ஏசுவாங்க."

எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது இதைச் சொன்ன அன்றைக்குத்தான்.

வேலை மறுபடி தொடங்கி இப்போது முப்பத்தோராம் மாடி, இன்னும் நான்கு. உச்சிக்குப் போகும் கடைசி இரும்பைத் தானே தூக்கி வைக்கவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. ஆனால் இந்த மாதம் இரண்டு தடவை எண் தாண்டிவிட்டது. மூன்றாவது தடவையும் தாண்டினால் நிரந்தரமாகக் கீழே, ஸ்டோரில் வேலை.

போன வியாழக்கிழமை பின்னேரம் ஐறீனுக்கு ஒப்பரேஷன். அன்று காலை நித்திரையில்லாத முகத்தோடு கிளைவ் வந்தார். நேர்ஸ் நிலூஷா கையில் பட்டியைச் சுற்றினாள். நூற்று அறுபத்தெட்டு. மூன்றாவது தடவை. கால்மணி நேரம் விட்டு மறுபடி பார்த்தாள். அதே எண்.

நிலூஷா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். அவள் புத்தகத்தில் 146 என்று எழுதினாள்.

"போங்க அங்கிள். கவனம்."

கிளைவ் எழும்பவில்லை.

"தொங்கிற இரும்புக்குக் கீழ எத்தினை பிள்ளையள் நிக்குது, மகள்?" என்றார்.

அவள் கையிலிருந்த பேனையை மெதுவாக வாங்கி, அந்த எண்ணை வெட்டிவிட்டு, பக்கத்தில் 168 என்று தானே எழுதினார்.