ரோசலின் அக்காவின் கோப்பைகள்

போன சனிக்கிழமை லண்டன் டூட்டிங்கில், தானமாக வந்த பழைய சாமான்களை விற்கிற ஒரு சாரிட்டிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று நின்றுகொண்டிருந்தது. விளிம்போரம் வளையம் வளையமாகக் கோடு. அந்தக் காலத்து அமெரிக்கப் பீங்கான், சந்தேகமே இல்லை. இந்த நிறத்தைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிற ஆள் நான். அன்று பார்த்து மழை. ஒதுங்க வேறு இடமில்லை, நின்றுவிட்டேன்.

லண்டனுக்கு வந்த புதிதில் மிச்சம் என்கிற பகுதியில் அந்தோனி அண்ணையின் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். ஊருக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்று மதுரைக்காரனான எனக்குச் சிரிப்பு. அண்ணை இலங்கை மன்னார்க்காரர், பேக்கரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ரோசலின் அக்கா நான் வருவதற்கு முந்தின வருஷம்தான் காலமாகியிருந்தார். அக்கா துப்புரவு வேலை பார்த்த வீட்டு அமெரிக்கக்காரி, ஊர் திரும்பும்போது ஒரு மஞ்சள் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாளாம். அதற்குத் துணை தேடி அக்கா ஞாயிறு பூசை முடிந்ததும் பழைய சாமான் சந்தைகளில் அலைந்திருக்கிறார். அடுக்களை அலமாரி நிறைய நீலம், பச்சை, ஆரஞ்சு. ஏழெட்டுக் கப்புகளும் உண்டு.

எல்லாவற்றுக்கும் வீட்டில் 'அமெரிக்கன்' என்றுதான் பெயர். அண்ணை சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போதுதான் பேசுவார். "இது குரொய்டனில வாங்கினது. சரியான மழை. குடையை எனக்குத் தராமல் இதுக்குப் பிடிச்சவ." ஆரஞ்சுப் பூச்சில் யுரேனியம் இருக்கிறதென்று இணையத்தில் படித்துவிட்டு, பெரிய மேதாவி போல எச்சரித்தேன். "அவவே போயிட்டா, எனக்கு இனி என்ன வரக் கிடக்கு?" என்றார்.

அடுத்த குளிர்காலத்தில் அண்ணை படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டை விட்டுவிட்டு, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் மகளோடு இருப்பதென்று முடிவானது. மகளுக்கோ ஓயாத ஷிப்ட். சாமான் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணை போன் செய்தார்.

"தம்பி, அமெரிக்கனில கோப்பையளை மட்டும் கவனமாக் கட்டி வையும். மகளின்ர வீட்டில இடம் காணாது. மற்றதைச் சாரிட்டிக்குக் குடும்."

"கோப்பை மட்டும் போதுமாண்ணே?"

"ஓம், அது காணும்."

கப்புகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றினேன். தட்டுகளை மூன்று நடையாகச் சுமந்து கடையில் கொடுத்தேன். கை வலித்தது, நல்ல காரியம் செய்கிற பெருமை வேறு.

பார்க்கிங்கில் அண்ணை பெட்டியைத் திறந்து, அடிவரை கையை விட்டுத் துழாவினார்.

"கோப்பையள் எங்க தம்பி?"

"இதுதானேண்ணே."

"இது கப் எல்லே. கோப்பை... சோறு போட்டுத் தின்னுறது."

தட்டைத்தான் கோப்பை என்றிருக்கிறார். அன்றே கடைக்கு ஓடினேன். யாரோ ஒரு வியாபாரி மொத்தமாக வாங்கிப் போய்விட்டாராம். திரும்பி வந்து சொன்னபோது அண்ணை என்னைத் திட்டவில்லை. "நீரும் தமிழ்தானே கதைக்கிறீர் எண்டு நினைச்சிட்டன்" என்றார். திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். நான் போகும்போதெல்லாம் பிளாஸ்டிக் தட்டில் சாப்பிட்டுவிட்டுக் கழுவப் போவார். "ஒருநாள் இவ..." என்று தொடங்குவார். கையிலிருப்பதைப் பார்ப்பார். எந்தச் சந்தை, என்ன மழை, ஒன்றும் வராது. "விடும் தம்பி, மறந்துபோச்சு" என்று குழாயை மூடிவிடுவார்.

ரோசலின் அக்காவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த மனிதருக்கு அவர் இரண்டாம் முறை இல்லாமல் போனது என் கையால்தான்.