குசினிக்குள் வந்த விரிவுரையாளர்

2005ஆம் ஆண்டு ஆவணி மாதம், முல்லைத்தீவுக் கடற்கரை. திகதியை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் நாட்குறிப்புகள் எல்லாம் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. ஆனால் தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது நினைவிருப்பதால் மாதத்தில் பிழை இருக்காது.

சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் கூடாரங்களில் இருந்தன. மீள்குடியேற்றக் குழுவில் நானும் ஒருவன். ஒரு தொண்டு நிறுவனம் முதலில் ஒரு மாதிரி வீட்டைக் கட்டி, கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு பெண்ணையும் அவருடைய சிறுமகளையும் அதில் குடியமர்த்தியிருந்தது. வீடு எல்லோருக்கும் பிடித்தால் மாரி மழைக்கு முன் மற்ற வீடுகளும் எழும்பும். குறை சொன்னால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று ஒரு கதை பரவியிருந்தது. ஆகவே யார் கேட்டாலும் "நல்லது" என்றே சொல்வதென்று எங்களுக்குள் முடிவு.

வீட்டைப் பார்க்க வந்தவர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உலக அபிவிருத்தி, நிலைபேறு பற்றி ஆராயும் விரிவுரையாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்த பெண். அந்த வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்தவரும் அவர்தான். நாலு கேள்வி கேட்டுவிட்டு வாகனத்தில் ஏறிவிடுவார் என்று நினைத்தேன்.

"வீடு எப்பிடியம்மா?"

"நல்லாயிருக்கு மிஸ்."

அவர் நேரே குசினிக்குள் போய் அடுப்பைத் தடவிப் பார்த்தார். கரியே இல்லை. கொல்லைப்புறத்தில் கூரையாகக் கட்டிய படங்கின் கீழ், மூன்று கல் வைத்த அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் திரும்பினார்.

"இண்டைக்கு மத்தியானம் எனக்கும் சோறு தாங்கோ. ஆனா இந்தக் குசினிக்குள்ளைதான் சமைக்கவேணும். நானும் வாறன்."

வீட்டுக்காரப் பெண் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

குசினி தென்மேற்கு மூலையில் இருந்தது. யன்னலால் புகுந்த சோழகம் புகையை வெளியே விடாமல் அறைகளுக்குள் தள்ளியது. விரிவுரையாளர் எழும்பவில்லை. கண்ணீர் வழிய வழிய மீன்குழம்புக்குத் தேங்காய் துருவினார். பக்கத்துக் கூடாரத்துப் பெண் வாசலில் நின்று சிரித்தார்.

"செத்த மீனுக்கு இப்பிடி அழுற ஆளை இப்பதான் காணுறன் மிஸ்!"

சிரிப்பு அடங்குமுன் அறைக்குள் இருந்து சிறுமி இருமினாள். இருமல் நிற்கவில்லை. தாய் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். பிள்ளையின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"சின்னவளுக்கு இழுப்பு மிஸ். உள்ள அடுப்பு மூட்டினா மூச்செடுக்கமாட்டாள். சொன்னா வீடு போயிடும் எண்டு வாய் திறக்கேல்லை."

விரிவுரையாளர் அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்.

பின்னேரம் தேவாலய மண்டபத்தில் கூட்டம். வடிவமைப்பை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதுமே நிறுவன அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஆர் முறைப்பாடு செய்தது?"

அந்தப் பெண் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம்.

"ஒருதரும் செய்யேல்லை," என்றார் விரிவுரையாளர். "நான் சமைச்சுப் பார்த்தனான். இந்தப் படத்துக்குக் கையெழுத்து வைச்சதும் நான்தான். காத்தை யோசிக்கேல்லை. பிழை என்ரை."

"இப்ப மாத்தினா மாரிக்கு முன்னம் முடியாது மிஸ்."

"முடியும். நான் நிண்டு மாத்தித் தாறன். அதுவரைக்கும் போகமாட்டன்."

சொன்னபடியே பயணத்தைத் தள்ளிப்போட்டு நின்றார். மேசன்மாருடன் மணலில் கோடு கீறினார். குசினி வீட்டிலிருந்து பிரிந்தது. அதன் கூரை உயர்ந்து, புகை போக வழி பிறந்தது. முதலில் மாறியது அந்தச் சிறுமியின் வீடு. மற்றவையும் மழைக்கு முன் கூரை கண்டன.

அந்த வீடுகள் பிறகு போரில் அழிந்துபோயின. அபிவிருத்தி பற்றி அதற்குப் பிறகும் எவ்வளவோ வாசித்துவிட்டேன். ஆனாலும் ஒருவரைப் படித்தவர் என்று நான் மதிப்பதற்கு, பயந்து நின்ற எங்களைக் காட்டிக்கொடுக்காமல் "பிழை என்ரை" என்று அவர் சொன்ன அந்தப் பின்னேரம்தான் இன்றும் எனக்கு அளவாக இருக்கிறது.