மண்ணெண்ணெயில் மிதந்த ஆம்பல்

அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போதெல்லாம், மலாயாவின் கிள்ளானில், தோட்டக் கூலிகளுக்கான எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் கிடந்த சதுப்பும், அதில் விடியலில் விரிந்து வெயிலேறியதும் சுருங்கிப்போகும், இதழெல்லாம் பஞ்சுமயிர் ஓடிய சின்ன வெள்ளை ஆம்பலும்தான் கண்ணில் நிற்கின்றன. தம்பி கொசுக்காய்ச்சலில் போன பிறகு அப்பா எண்ணெய் அடிக்கும் கூலிகளோடு சேர்ந்தார்; முதுகில் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கட்டிக்கொண்டு, கொசு சாகட்டுமென்று நீரெங்கும் தெளித்தபடி நடப்பார்.

"பூ இருக்கற பக்கத்த விட்டுடுங்களேன், மாரியாத்தாவுக்கு வேற என்னத்த வைப்பேன்?" என்றாள் அம்மா.

"அந்த இலைக்கு அடியிலதான் கொசு பெருகுது. இன்னொரு புள்ளையையும் குடுக்கணுமா?" என்றார் அப்பா.

அம்மா எண்ணெய் மினுங்கிய நீரில் அகப்பட்டதைப் பறித்து, அலசி அலசி, அம்மன் படத்தடியில் வைத்துக் கற்பூரம் காட்டினாள். பூ குப்பென்று பற்றிக்கொண்டது. ஆத்தாவுக்கே வேண்டாமாம் என்று அழுதவள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. போயிருந்தாலும் பூ இருந்திருக்காது. காய்ச்சல் மட்டும் அடுத்த மழைக்குத் திரும்பி வந்து தங்கச்சியைக் கொண்டுபோயிற்று.

இப்போது சதுப்பைத் தூர்த்து வீடுகள் கட்டிவிட்டார்கள். எந்தக் குட்டையிலும் அந்தப் பூ இல்லை; தேடி அலுத்துவிட்டேன். அது எப்படி மணக்கும் என்று மகள் கேட்டாள். மண்ணெண்ணெய்ப் புட்டியைத் திறந்து நீட்டினேன்.