நாற்பது ஃபோன்களும் ஸ்விட்ச் ஆஃப்

போன வாரம் உலகமே டிவி முன்னால் உட்கார்ந்து கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் வளைகுடாவில், ராஸ் லஃபானில் நைட் டியூட்டியில் இருந்தேன். பந்துக்குப் பதில் பிரஷர் மீட்டர்.

இந்த முறை ஆட்டங்கள் எப்படி என்று நான் சொல்லவா வேண்டும்? காலிறுதியில் தொண்ணூறு நிமிடமும் தோற்றுக்கொண்டிருந்த டீம், கடைசியில் கொடுத்த கொசுறு நேரத்தில் இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. சட்டையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. அரையிறுதி… அதை மட்டும் கேட்காதீர்கள்.

சரி, சொல்லித் தொலைக்கிறேன். எங்களுடையது கேஸ் பிளாண்ட். உள்ளே ஃபோன் கொண்டுபோகக் கூடாது. மாலையில் கேட் லாக்கரில் வைத்தால் காலையில்தான் கைக்கு வரும். அரையிறுதியை நாங்கள் தங்கும் கேம்ப் மெஸ் ஹால் டிவியில் ரெக்கார்ட் போட்டுவிட்டுத்தான் டியூட்டிக்குப் போனோம். காலையில் லாக்கரைத் திறந்த செக்யூரிட்டிக்காரர், பல்லெல்லாம் தெரிய, "பாய், க்யா மேட்ச்! பெனால்டி மே கயா!" என்றார்.

போச்சு. பெனால்டி வரைக்கும் போகும் என்று தெரிந்த பிறகு, நடுவில் யார் கோல் போட்டால் என்ன? இரண்டு மணி நேரம் ஆட்டம் பார்க்கவில்லை நான். பஸ் வரக் காத்திருப்பதுபோல் பெனால்டிக்குக் காத்திருந்தேன்.

அதனால் இறுதி ஆட்டத்துக்கு ஒரு சட்டம் போட்டோம். போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். காலையில் ஃபோனை வாங்குவோம், ஆன் பண்ண மாட்டோம். ரெக்கார்டைப் பார்த்து முடிக்கும்வரை, பஸ்ஸில் இருக்கும் நாற்பது பேரும். முன்மொழிந்தேன், கிரேன் ஓட்டும் காயல்பட்டினத்து நிஜாம் பாய் வழிமொழிந்தார். அவர் ஊரில் நடக்கப் பழகும்போதே பந்தை உதைக்கப் பழகிவிடுவார்கள்.

ஆனால் சட்டத்தை அமல்படுத்தியது அவரல்ல, கதிரேசன். சிவகங்கைப் பக்கம். சாரம் கட்டும் வேலை. ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாத மனிதர்! அன்று காலை கேட்டில் முதல் ஆளாக நின்றுகொண்டு, "ஆன் பண்ணாதீங்கப்பா… அப்படியே பையில போடுங்க" என்று ஒவ்வொருவரையும் மிரட்டினார். ஓரமாகப் பட்டனை அழுத்தப் போன ஒரு நேபாளியின் கையையே பிடித்துவிட்டார்.

பஸ் டிரைவர் ஒரு பட்டாணியர். ராத்திரியே ஆட்டத்தைப் பார்த்துவிட்டவர். "பாய், ஆப் குச் மத் போல்னா" என்று, வாயைத் திறக்க வேண்டாமென்று நிஜாம் பாய் கெஞ்ச, அவர் துண்டை எடுத்து மூக்குவரை சுற்றிக் கட்டிக்கொண்டார். முகத்திலிருந்துகூட எங்களுக்கு ஸ்கோர் தெரியக் கூடாதாம். சிரித்துக்கொண்டே கேம்புக்கு வந்தோம்.

ஏழு மணிக்கு மெஸ் ஹாலில் உட்கார்ந்தோம். புரோட்டா, டீ, ஆட்டம்.

ஆஹா, என்ன ஆட்டம்! பத்தாவது நிமிடத்தில் நீலச்சட்டை கோல். அதன் பிறகு வெள்ளைச்சட்டை முட்டுகிறது, மோதுகிறது, பந்து உள்ளே போவேனா என்கிறது. எண்பத்தெட்டாவது நிமிடம், கூட்டத்துக்கு நடுவே யாரோ காலை நீட்டினான். கோல்! நிஜாம் பாயின் டீ என் சட்டையில். எனக்கு உறைக்கவே இல்லை.

எக்ஸ்ட்ரா டைம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கதிரேசன் மெல்லக் கேட்டார்: "இன்னும் எம்புட்டு நேரம் சார்?"

"அரைமணி."

"அப்பவும் முடியலன்னா?"

"பெனால்டி."

"நல்லது" என்றார்.

இதில் என்ன நல்லது? "நீங்க யாருக்கு சப்போர்ட்டுய்யா?" என்றேன்.

"யாருக்கும் இல்ல சார். இழுத்துக்கிட்டுப் போனாச் சரி." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "வீட்ல செல்விக்கு மார்புல ஒரு கட்டி சார். மதுரைல சதையெடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருக்காக. நேத்து சாயங்காலம் ரிசல்ட்டு. நான் லாக்கர்ல ஃபோன வைக்கிற வரைக்கும் வரல. இப்ப வந்துருக்கும்." பாக்கெட்டைத் தொட்டுக்கொண்டார். "ஆன் பண்ணாத வரைக்கும் ஒண்ணுமில்லதான சார்?"

விளையாட்டுக்கு நான் போட்ட சட்டத்துக்குள் இந்த மனிதர் வந்து ஒளிந்துகொண்டிருக்கிறார். 'உடனே ஆன் பண்ணுய்யா' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் பயமாக இருந்தது.

எக்ஸ்ட்ரா டைமில் கோல் இல்லை. பெனால்டியில், நீலச்சட்டையின் ஐந்தாவது உதையைக் கோல்கீப்பர் இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். வெள்ளைச்சட்டைக்குக் கோப்பை. பெஞ்சுகள் கவிழ்ந்தன. ரசித்தேனா? ரசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கண் கதிரேசன் மேலேயே இருந்தது.

ஒளிந்துகொள்ள இனி ஆட்டம் இல்லை. ஃபோனை ஆன் செய்து, பார்க்காமலே என்னிடம் நீட்டினார். "நீங்க படிங்க சார்."

முந்தின நாள் மாலை வந்த மெசேஜ். அவர் லாக்கரில் ஃபோனை வைத்த அரைமணி நேரத்தில் வந்திருந்தது. சத்தமாகவே படித்தேன். "சாதாரணக் கட்டிதானாம். பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கேட்டை விட்டு வந்ததும் கூப்பிடுங்க."

கதிரேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கே கண் கலங்கியது. கதை இத்துடன் சுபம் என்றுதான் நினைத்தேன். அந்த மெசேஜுக்குக் கீழே இருபத்திரண்டு மிஸ்டு கால்களைப் பார்க்கும் வரை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரே தேவைப்படவில்லை, செல்வியின் அழுகை எனக்கே கேட்டது.

"எங்கங்க இருக்கீக? பிளாண்டுல என்ன ஆச்சு?"

தினமும் கேட்டைத் தாண்டியதும் கூப்பிடுகிற மனிதர் அன்று கூப்பிடவில்லை. நல்ல செய்தியை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விடியக் காத்திருந்தவள் தானே கூப்பிட்டிருக்கிறாள். ஸ்விட்ச் ஆஃப். ரூம்மேட் நிஜாம் பாய்க்கு அடித்தால், அவரும் ஸ்விட்ச் ஆஃப். எங்கள் பஸ்காரர்களின் வீட்டுப் பெண்கள் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் கேட்டிருக்கிறாள். எல்லோரும் அவரவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ஒருவன் ஃபோனை எடுக்கவில்லை என்றால் தூங்குகிறான் என்று அர்த்தம். கேஸ் பிளாண்டிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் ஒருவர்கூட எடுக்கவில்லை என்றால்?

"மூணு மணி நேரமா டிவில நியூஸப் போட்டுட்டு உக்காந்துருக்கேன். ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கிறான்…" செல்வி விம்மிக்கொண்டே இருந்தாள். "மேட்ச் பாத்தோம்" என்று கதிரேசன் எப்படிச் சொல்வார்? "இங்கனதான் இருக்கேன் புள்ள, இங்கனதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஹாலில் ஆன் செய்யச் செய்ய ஒவ்வொரு ஃபோனாக அடிக்க ஆரம்பித்தது. கோப்பை வாங்கும் காட்சியை டிவியில் பார்க்க ஆளே இல்லை. ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்று, ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் மனைவியும் தஞ்சாவூரிலிருந்து கூப்பிட்டாள். இத்தனை வருடமாக அவளுடைய முதல் கேள்வி "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். அன்று, "உயிரோட இருக்கீங்களா?" என்றாள்.

இறுதி ஆட்டம் எவ்வளவு த்ரில்லாக இருந்தது என்று இனி யாராவது கேட்டால், என் மனைவியைக் கேட்கச் சொல்வதாக இருக்கிறேன்.