விழும்வரை காத்திருக்க வேண்டும்

என் பக்கத்து வீட்டு டெரன்ஸ் வாரநாட்களில் மெல்பன் புறநகரான எங்கள் வெரிபீயிலிருந்து ரயிலேறிப் போய்ப் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவர். கோலாலம்பூரில், கடைத்தொகுதிக்குள் இருந்த பனித்தளத்தில் சறுக்கப் பழகியவர். ஐஸ் ஹாக்கிக்குச் சம்பள லீக் தொடங்கிய முதல் பருவத்திலேயே லைன்ஸ்மேனாக, அதாவது கோட்டு நடுவராகச் சேர்ந்துவிட்டார். கோடு பார்ப்பது பாதி வேலை. அடித்துக்கொள்கிறவர்களைப் பிரிப்பது மீதி. முதல் இறுதி ஆட்டத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்காக அவர் மனைவி ஷாமினி சர்ச்சில் மெழுகுவர்த்திகூட ஏற்றினாள்.

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம். இருவர் கையுறையை உதறிவிட்டு முஷ்டியைத் தூக்கினால், ஒருவன் விழும்வரை யாரும் குறுக்கே போகக் கூடாது. கூட்டம் அதற்குத்தான் வருகிறது என்று லீக் ஆட்கள் வெட்கமில்லாமல் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் டிக்கெட் வாங்கிப் போனேன்.

அரையிறுதியில் மெல்பன் தடியன் ஒருவன், சிட்னி ஆட்டக்காரனின் சட்டையைக் கழுத்தோடு இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் முகத்தில் குத்தினான். ஹெல்மெட் கழன்று உருண்டது. மூக்கு உடைந்தது. ஏழாவது குத்தில் சிட்னிக்காரனின் கைகள் இரண்டும் தொங்கிவிட்டன. நினைவு போய்விட்டது, தடியனின் பிடியால்தான் விழவில்லை. கூட்டம் தளத்தைச் சுற்றியிருந்த கண்ணாடித் தடுப்பைத் தட்டிக் கூத்தாடியது. இன்னொரு லைன்ஸ்மேன் சும்மா நின்றார்.

டெரன்ஸ் உள்ளே பாய்ந்தார். எட்டாவது குத்து அவர் வாயில் விழுந்து இரண்டு பற்கள் தெறித்தன. தடியனின் விரல்களை அவர் பிரித்தெடுத்ததும் சிட்னிக்காரன் சாக்குமூட்டை போல அவர்மேல் சரிந்தான். கூட்டம் டெரன்ஸைப் பார்த்து ஊளையிட்டது.

"அவன் நின்றுகொண்டுதானே இருந்தான்?" என்றார் லீக் அதிகாரி. தடியனுக்கு ஐந்து நிமிடம் வெளியே உட்காரும் தண்டனை. டெரன்ஸுக்கு இறுதி ஆட்டமே இல்லை.

அந்த ஆட்டத்தை அவர் வீட்டு டிவியில் பார்த்தோம். ஷாமினி கஞ்சி கொண்டுவந்தாள்.

"ஒரு நிமிசம் பொறுத்திருந்தா இன்னிக்கு அங்க நின்னிருப்பீங்க," என்றாள்.

திரையில் அதே தடியன் வேறொருவனின் சட்டையைப் பிடித்திருந்தான். பிடிபட்டவனின் கைகள் தொங்கின. டெரன்ஸ் துள்ளி எழுந்தார், கஞ்சி தரையில் கொட்டியது.

"கையப் பாரு! கை தொங்கிருச்சு, போய்ப் பிரிடா!"

லைன்ஸ்மேன்கள் விதிப்படி நின்றார்கள். இன்னும் நான்கு குத்து. தடியன் பிடியை விட்டதும் பிடிபட்டவனின் தலை பனியில் மோதியது.

டெரன்ஸ் உட்கார்ந்தார். "விழுந்துட்டான்லா. இப்ப போவானுங்க."

போனார்கள். பின்னாலேயே ஸ்ட்ரெச்சரும் போனது.